தோட்டம் பங்கு போன காலை

கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் இரண்டே இரண்டு ஆங்கிலச் சொற்கள்: எஸ்டேட் ஷேர்ட். அவற்றை அங்கே வரவழைத்தவள் நான். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆபீஸின் தகரக் கூரைச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. நான் மட்டும் அந்த இரண்டு சொற்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏதோ பெரிய சாமர்த்தியம் செய்துவிட்ட நினைப்பு. மறுநாள் காலையில் அதே இரண்டு சொற்களால் ஒரு தேயிலைத் தோட்டமே வேலைக்குப் போகாமல் தரையில் உட்கார்ந்துவிட்டது. அந்தக் காலையைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் முதலில் பெரிய கிராணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பெரிய கிராணி என்பது பெயரல்ல, தலைமைக் குமாஸ்தா பதவி. ஆபீஸில் துரைக்கு அடுத்த நாற்காலி அவருடையது. மலேசியாவை விட்டு வெள்ளைக்காரர்கள் போய் எத்தனையோ காலமாகியும் மேனேஜரை நாங்கள் துரை என்றுதான் கூப்பிட்டோம். நான் சொல்லும் எண்பதுகளின் கடைசியில் இருந்த துரை ஈப்போச் சீனர். எங்கள் தமிழை எங்களைப் போலவே பேசிவிட்டு, வாக்கியத்தின் கடைசியில் ஒரு 'லா'வைச் சேர்த்துவிடுவார். துரைகள் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள். பெரிய கிராணி மட்டும் அதே சாம்பல் நிறச் சுவெட்டரில், கழுத்தில் அதே மஃப்ளரோடு, இடுப்பில் சாவிக் கொத்தோடு அங்கேயே இருந்தார். மழை வந்தாலும் வராவிட்டாலும் கையில் ஒரு குடை இருக்கும். கேமரன் மலையில் அது தேவையான முன்ஜாக்கிரதைதான். ஆனால் அவர் அதைப் பிடித்திருக்கும் விதத்தைப் பார்த்தால் மழைக்காகப் பிடித்த மாதிரி இருக்காது, மனிதர்கள் கிட்டே வந்துவிடக் கூடாது என்று பிடித்த மாதிரி இருக்கும். நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துப் பக்கம் அவர் வந்து யாரும் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு அழைத்தால் மொய்யைக் கொடுத்தனுப்பிவிடுவார். கர்வம் பிடித்த மனுஷன் என்று லயம் தீர்ப்பு எழுதி வைத்திருந்தது. நானும் அந்தத் தீர்ப்போடுதான் வேலைக்குச் சேர்ந்தேன்.

லயத்திலிருந்து ஆபீஸுக்குள் வேலைக்குப் போன முதல் பெண் நான். அம்மா கொழுந்து பறிப்பவர். அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே காலமாகிவிட்டார். ஈப்போவில் அத்தை வீட்டில் தங்கி ஒரு கடைமாடியில் கம்ப்யூட்டர் வகுப்புப் படித்துவிட்டு வந்திருந்தேன். வாய் வேறு கொஞ்சம் நீளம். முதல் நாள் பெரிய கிராணி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"இந்தாம்மா, நீ லயத்துப் பொண்ணு. சாயந்தரம் வீட்டுக்குப் போனா நாலு பேரு நாலு கேப்பாங்க. ஆபீஸ் பேச்சு ஆபீஸோட. புரியுதா?"

புரிந்தது. அதற்குப் பிறகு வீட்டில் எனக்கும் அம்மாவுக்கும் நடுவே ஒரு சின்ன வேலி விழுந்தது. "என்னடி, ஆபீஸ்ல என்ன சேதி?" என்பார் அம்மா. "ஒன்னுமில்லம்மா" என்பேன். "ஒன்னுமில்லாததுக்கா இம்புட்டு நேரம் உக்காந்துட்டு வர?" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். மகள் ஆபீஸில் இருந்தால் லயத்துக்கு ஒரு காது கிடைக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அந்தக் காது எதையும் வெளியே விடவில்லை என்பதில் அம்மாவுக்குக் கொஞ்சம் பெருமையும் நிறைய வருத்தமும் இருந்தன. நான் பெரிய கிராணியைத்தான் மனதுக்குள் திட்டிக்கொள்வேன்.

மலைக்குக் கீழே, பேராக்கிலும் மற்ற இடங்களிலும், ஒரு காலத்தில் பெரிய பெரிய ரப்பர்த் தோட்டங்களை வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்றுவிட்டுக் கப்பலேறின. வாங்கிய தவுக்கேமார்கள், அதாவது சீன முதலாளிகள், அவற்றைத் துண்டு துண்டாக அறுத்துப் பலருக்கு விற்றார்கள். துண்டாடல் என்று அதற்குப் பெயர். ஒரே தோட்டமாக இருந்தது ஒரே மாதத்தில் முப்பது பேர் பங்காக மாறிவிடும். லயம் யார் பங்கில் விழுந்ததோ அவர் வந்து வீட்டைக் காலி பண்ணச் சொல்வார். கோயில் ஒருவர் பங்கில், சுடுகாடு இன்னொருவர் பங்கில். எங்கள் லயத்திலேயே அப்படிச் சிதறி மேலே ஏறி வந்த குடும்பங்கள் இருந்தன. அவர்கள் பெட்டிகளை ஒருபோதும் முழுவதாகப் பிரித்து அடுக்கியதில்லை என்று அம்மா சொல்வார். பெரிய கிராணியும் அப்படித் துண்டாடப்பட்ட ஒரு தோட்டத்தில் சின்னக் கிராணியாக இருந்துவிட்டு வந்தவர்தான். அது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். அதைப் பற்றி அவர் பேசியதில்லை.

கோலாலம்பூர் ஹெட் ஆபீஸிலிருந்து இரண்டு கம்ப்யூட்டர்கள் வந்தன. ஒன்று ஆபீஸுக்கு, இன்னொன்று சரிவில் கொஞ்சம் தள்ளியிருந்த ஃபேக்டரிக்கு. ஃபேக்டரியில் ஏற்றியதை ஆபீஸ் மெஷினுக்குக் கொண்டுவர நான் தினமும் ஃபிளாப்பி என்கிற மெல்லிய சதுரத் தகட்டை ரொட்டி வந்த பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, சுவெட்டருக்குள் செருகிக்கொண்டு, மழையில் ஏறி இறங்க வேண்டும். மலைக் குளிரில் சுவர், செருப்பு, சாமி படம் என்று எதை விட்டது பூஞ்சணம்? ஃபிளாப்பியிலும் பூத்தது. உள்ளே இருப்பதை மெஷின் படிக்க மறுத்துவிடும். அதனால் இரண்டு மெஷின்களையும் ஒரு கறுப்பு வயரால் இணைத்துவிடுவது என்று முடிவானது. இங்கே இருக்கும் கோப்பை அங்கிருந்தே திறக்கலாம், யாரும் நனைய வேண்டியதில்லை.

வயர் எவ்வளவு வேண்டும் என்று பார்க்கக் கழுத்துப்பட்டை கட்டிய இரண்டு பேர் மேலே வந்தார்கள். ஆபீஸ் வாசலிலிருந்து ஃபேக்டரி வரை டேப் பிடித்து அளந்தார்கள். வழியில் லயத்து ஓரமாகவும் அளந்தார்கள், தூண்களை எண்ணினார்கள், எழுதிக்கொண்டார்கள், போய்விட்டார்கள். பெரிய கிராணி ஜன்னலருகே நின்று அந்த டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வைத்த தேநீர் மேசையில் ஆறி, மேலே ஆடை படிந்திருந்தது. "ஐயா, டீ ஆறிப்போச்சு" என்றேன். "எதுக்கும்மா இவ்ளோ தூரம் அளக்குறாங்க?" என்றார். "வயர் போடத்தான் ஐயா" என்றேன். "ம்" என்றார். நம்பியவர் சொல்லும் 'ம்' இல்லை அது என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு எனக்கு வேறு யோசனை ஓடிக்கொண்டிருந்தது.

வயர் போட்டால் மட்டும் போதாது. ஆபீஸ் மெஷினைத் தினமும் எழுப்பி, 'உன்னிடம் இருப்பதை மற்றவனுக்கும் காட்டு' என்று நாலைந்து கட்டளைகளைத் தட்டிச் சொல்ல வேண்டும். ஃபேக்டரியில் விடியும்போதே வேலை தொடங்கிவிடும், நான் ஆபீஸுக்கு வருவது அதற்கு எவ்வளவோ பிறகு. விடியுமுன்பே ஆபீஸைத் திறக்கிறவர் பெரிய கிராணி. அவரோ விசைப்பலகையைத் தொட மாட்டேன் என்று சபதம் செய்தவர். "ரிட்டயராகப் போறவனுக்கு எதுக்கும்மா இந்தப் பொட்டி?" என்பார். இதற்கு ஒரு வழி இருந்தது. கட்டளைகளையெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டால், மெஷின் கண் விழித்ததும் தானே அதைப் படித்துத் தானே செய்துமுடிக்கும். அப்படி ஒன்றை எழுதினேன். முதல் வரி நெட்வொர்க்கை எழுப்பும். அடுத்தது மெஷினுக்குப் பெயர் சொல்லும். மூன்றாவது வரிதான் முக்கியம், அது கோப்புகள் இருக்கும் பகுதியைப் பொதுவில் திறந்துவிடும். அந்தக் கட்டளைக்குப் பெயரே ஷேர். பகுதிக்குப் பெயர் எட்டெழுத்துக்குள் அடங்க வேண்டும். தோட்டத்து விவரமெல்லாம் அதில்தானே இருக்கிறது என்று எஸ்டேட் என்று வைத்தேன். கடைசியில் வேலை முடிந்தது தெரிய வேண்டுமே என்று திரையில் ஒரு வாசகத்தைக் காட்டும் வரியையும் சேர்த்தேன். அந்தக் கட்டளையின் பெயர் எக்கோ. அதாவது எதிரொலி. எங்கே போய் எதிரொலிக்கும் என்று நான் யோசிக்கவில்லை.

"ஐயா, காலையில நீங்க ஸ்விட்ச மட்டும் போடுங்க. மத்ததெல்லாம் அதுவே பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டு மழை விட்டதும் கிளம்பினேன். துரை அன்று மாலை மலையடியில் இருக்கும் தாப்பாவுக்கு இறங்கிக்கொண்டிருந்தார். போகிற போக்கில் வாசலில் நின்று, "பெரிய கிராணி, நாளையிலேருந்து எல்லாம் ஷேர் லா. ஃபேக்டரி அவங்க பாட்டுக்குப் பாத்துக்குவாங்க, உங்களுக்கும் வேலை மிச்சம்" என்று சொல்லிவிட்டு லேண்ட் ரோவரில் ஏறினார். பெரிய கிராணி எழுந்து நின்று தலையாட்டினார். இதில் தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துவிட்டேன்.

விடியும் முன்பு ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் இடம் பெரட்டுக் களம். ஆபீஸுக்குக் கீழே, பெரிய விளக்கடியில் இருக்கும். அம்மாவோடு அதுவரை நடந்துவந்து, அம்மா கொழுந்துக் கூடையோடு மலைக்கு ஏறியதும் நான் திரும்பிப் போய்க் குளித்துக் கிளம்புவது வழக்கம். அன்றும் அப்படித்தான் வந்திருந்தேன். பனி இறங்கி ஆட்களின் தலைத்துணி மட்டும்தான் தெரிந்தது. அந்தப் பனிக்குள்ளிருந்து பெரிய கிராணி வந்தார்.

பெரட்டு எடுப்பது வெளிவேலையை மேற்பார்க்கும் கண்டக்டரின் வேலை, ஆபீஸ் ஆட்கள் அங்கே வர மாட்டார்கள். அதனால் அவரைப் பார்த்ததுமே பேச்சு நின்றுவிட்டது. கழுத்தில் மஃப்ளர் இல்லை. தூறல் விழுந்துகொண்டிருந்தும் குடை கையில் மடங்கியே இருந்தது. விளக்கடிக்கு வந்து நின்று சுற்றிலும் பார்த்தார். அவருக்கு எங்கள் எல்லோரையும் பெயரில் தெரியும், முகத்தில் அதிகம் தெரியாது. ஒரு மாதிரித் திணறிவிட்டுச் சொன்னார்.

"எல்லாரும் கேளுங்க. தோட்டத்தப் பங்கு போட்டாச்சு. டேப்பு வச்சு அளந்தாங்களே, அது இதுக்குத்தான். இன்னிக்குக் காலையில ஆபீஸ்ல பாத்துட்டேன். இனிமே யார் பங்குல லயம் விழும்னு எனக்குத் தெரியாது. கையெழுத்துப் போடச் சொன்னா யாரும் போடாதீங்க. வீட்டக் காலி பண்ணச் சொன்னா யூனியன் இல்லாம நகராதீங்க. இதச் சொன்னதுக்கு என்னய இன்னிக்கே வெளியாக்கிடுவாங்க, அது பரவால்ல."

 கீழே துண்டாடலைப் பார்த்துவிட்டு வந்த ஒரு கிழவர் முதலில் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். கூடைகள் தரையில் இறங்கும் சத்தம் மட்டும்தான் கேட்டது. அம்மா உட்காரவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"நீ தெரிஞ்சுக்கிட்டேதான் எங்கிட்ட மறச்சியா?"

 ஒன்றுமில்லம்மா, ஒன்றுமில்லம்மா என்று நான் தினமும் சொன்னதெல்லாம் அம்மாவின் முகத்தில் ஒரே நேரத்தில் வந்து நின்றது. நானும் அதை நம்பிவிட்டேன். பெரிய கிராணி சொன்னால் சரியாகத்தான் இருக்கும். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் ஓடினேன்.

"ஐயா, உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலம்மா. உன் மெஷின்தான் சொல்லிச்சு. ஸ்விட்சப் போட்டேன். எஸ்டேட் ஷேர்டுன்னு வந்து நின்னுச்சு."

 எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு நிமிர்ந்தால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டேன். தலையிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, வேலையைத் தூக்கி எறிந்துவிட்டு வந்து நிற்கிறவரின் முகம் அது. வந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "ஐயா, அது தோட்டம் இல்ல, ஃபைலு" என்றேன். அவருக்கு அது காதில் ஏறவில்லை. "ஃபைல்லதாம்மா எல்லாம் இருக்கும்" என்றார். 

துரை மலையேறி வந்து சேர்ந்தபோது வெயில் வந்திருந்தது, மலையில் ஒரு ஆள் இல்லை. ஆபீஸுக்குள் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம்: துரை, பெரிய கிராணி, யூனியன் தலைவர், அம்மா, நான். மற்றவர்கள் எல்லாம் வாசலில். யூனியன் தலைவர் ஃபேக்டரியில் இலை வாட்டும் இடத்தில் வேலை செய்பவர், நிதானமான மனிதர். அம்மாவை யாரும் கூப்பிடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்துவிட்டார், விட்டால் நான் மறுபடி எதையாவது மறைத்துவிடுவேன் என்பது போல.

மெஷினைப் போட்டேன். பச்சை எழுத்து வந்தது. துரை அதைப் படித்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். நான் ஒரு கோப்பைத் திறந்து அம்மாவின் பெயரை அடித்து வைத்துவிட்டு, எல்லோரையும் ஃபேக்டரிக்கு அழைத்துப்போய் அங்கிருந்த மெஷினில் அதே கோப்பைத் திறந்து காட்டினேன். அம்மாவின் பெயர் அங்கேயும் இருந்தது. இதைத்தான் ஷேர் என்கிறார்கள், மண்ணில் ஒரு பிடிகூட யாரும் எடுக்கவில்லை என்றேன். பெரிய கிராணி திரைக்கு மிக அருகில் குனிந்து பார்த்தார்.

"அங்க எடுத்தா இங்க கொறையாதா?"

"கொறையாது ஐயா. ரெண்டு எடத்துலயும் முழுசா இருக்கும்."

"அப்புறம் எதுக்கும்மா இதுக்குப் பங்குன்னு பேரு வச்சான்? பங்குன்னா கொறஞ்சுதான் ஆவணும்."

 அம்மாதான், தன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தவர், "லயத்துப் பைப்பு மாதிரி இருக்கு. யாரு வேணாலும் வந்து புடிச்சுக்கலாம்" என்றார். யூனியன் தலைவர் சிரித்துவிட்டார். துரையும் சிரித்தார். ஆபீஸுக்குத் திரும்பியதும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"பெரிய கிராணி, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் லா. ஹெட் ஆபீஸ்ல கேப்பாங்க, தோட்டமே நின்னுபோச்சு, யாரு சொன்னதுன்னு. நான் என்ன சொல்றது? இப்படிப் பண்ணின ஆள எப்படி வச்சுக்கிறது?"

 பெரிய கிராணி இடுப்பிலிருந்து சாவிக் கொத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். அதை வைத்த பிறகு கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுவெட்டரின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். இந்த வயதில் வேலை போனால் குவார்ட்டர்ஸ் வீடும் போகும், ரிட்டயராகும்போது வரவேண்டிய மரியாதையும் போகும், ஊரே சிரித்த கதையோடு மலையிறங்க வேண்டும். அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.  அந்த வரியை எழுதியது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் யூனியன் தலைவர் பேசினார்.

"தொரை, அவரு தப்பாத்தான் சொன்னாரு. ஆனா வந்து சொன்னாரு. இவ்ளோ வருசத்துல ஆபீஸ்லேருந்து எங்களத் தேடி எறங்கி வந்து சொன்ன ஆளு இவரு ஒருத்தருதான். இவர அனுப்பிட்டீங்கன்னா, நெசமாவே விக்கிறப்ப எங்களுக்கு யாரு வந்து சொல்லுவா?"

துரை ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்தார். தகராறு செய்யும் கூட்டம் இல்லை அது, காத்திருக்கும் கூட்டம். துரையும் கெட்டவர் அல்ல. சற்று நேரம் பேனாவை மேசையில் உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, சாவிக் கொத்தை ஒரு விரலால் பெரிய கிராணியின் பக்கம் தள்ளினார். "போய்ப் பசியாறுங்க லா. நனஞ்சு போய் நிக்கிறீங்க" என்றார். வாசலில் நின்றவர்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்கு நடந்தார்கள். அம்மா என் கையை அப்போதுதான் விட்டார். சாயந்தரம் நான் வீட்டுக்குப் போனபோது எனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார். மன்னிப்புக் கேட்கும் வழக்கமெல்லாம் எங்கள் வீட்டில் கிடையாது.

மறுநாள் பெரிய கிராணி என் மேசைக்கு வந்து நின்றார். "அந்த வார்த்தைய மாத்திடும்மா" என்றார், கட்டளையாக இல்லை, கேட்பது போல. எஸ்டேட் என்ற பெயரை எடுத்துவிட்டுப் பைப்பு என்று வைத்தேன். மலாயிலும் அதற்குப் பைப் என்றுதான் பெயர், எழுதினால் நாலே எழுத்து. ஷேர் என்கிற கட்டளையை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை, அது யாரோ அமெரிக்காக்காரன் வைத்தது. எதிரொலிக்கும் வரி மட்டும் என் கையில் இருந்தது. அதில் ஆங்கில எழுத்துகளிலேயே 'பைப்பு தெறந்தாச்சு' என்று எழுதினேன். அவர் அதை எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தார். படித்துவிட்டு உடனே போகவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

கீழே அந்தப் பழைய தோட்டத்தில் அவர் சின்னக் கிராணியாக இருந்தபோது துண்டாடல் நடக்கப்போவது அவருக்கு முன்கூட்டியே தெரியும். டேப் பிடித்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்ததே அவர்தான். ஆபீஸ் பேச்சு ஆபீஸோடு என்று அங்கிருந்த பெரிய கிராணி சொல்லியிருந்தார். ஆட்கள் வந்து, என்ன கிராணியாரே அளக்கிறார்கள் என்று கேட்டபோது, ஒன்றுமில்லை என்று சொன்னார். ஒரு குடும்பம் அந்த வார்த்தையை நம்பி வீட்டுக்கு முன்னால் புதிதாக வாழைக்கன்று வைத்ததாம். அந்தக் கன்று குலை தள்ளுவதற்குள் லோரி வந்து சாமான்களை ஏற்றிக்கொண்டு போனது. அவர்கள் ஏறும்போது இவரைப் பார்த்தார்கள், திட்டவில்லை. லயத்துப் பக்கம் அவர் ஏன் போவதில்லை, கல்யாணத்துக்கு மொய்யை ஏன் கொடுத்தனுப்புகிறார் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. கர்வம் என்று நாங்கள் எழுதிய தீர்ப்பைத் திருத்த வேண்டியிருந்தது.

"அன்னிக்குத் தெரிஞ்சும் சொல்லாம இருந்தேன். இந்தத் தடவ தெரியாமலே போய்ச் சொல்லிட்டேன்" என்றார். சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். "ரெண்டுல இதுதாம்மா தேவல."

அதன் பிறகு அவர் ரிட்டயராகும்வரை தினமும் காலையில் ஃபேக்டரியிலிருந்து போன் வரும், "பைப்பு தெறந்தாச்சா ஐயா?" என்று. "தெறந்தாச்சு, புடிச்சுக்க" என்பார் இவர். ஸ்விட்சுக்கு மேல் எதையும் தொடாத சபதத்தைக் கடைசிவரை காப்பாற்றினார். லயத்து ஆட்கள் வழியில் பார்த்தால் சும்மா விட மாட்டார்கள். "என்ன ஐயா, இன்னிக்குத் தோட்டம் இருக்கா, பங்கு போட்டாச்சா?" என்பார்கள். குடையை மடக்கிக்கொண்டு நின்று அந்தக் கேலியை வாங்கிக்கொள்வார். அடுத்த கல்யாணத்துக்கு அவரே வந்தார். பந்தியில் என் அம்மாதான் அவருக்குச் சாதம் போட்டார், போதும் போதும் என்று கையைக் குறுக்கே வைத்தும் விடவில்லை.

அவர் மலையிறங்கி மகனோடு போய்விட்டார், பிறகு காலமானார் என்று கேள்விப்பட்டேன். அம்மாவும் இல்லை. நான் மலைமேலேயே பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கில் வீடு கட்டிக்கொண்டு வந்து எவ்வளவோ காலமாயிற்று. எங்கள் லயம் யாரும் துண்டாடாமலே காலியாகிப் போனது. பிள்ளைகள் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் சிங்கப்பூருக்கும் வேலை தேடிப் போனார்கள், பெரியவர்கள் பின்னாலேயே போனார்கள். ஒவ்வொரு குடும்பமாகப் போனதால் யாரும் களத்தில் வந்து அதைச் சொல்லவில்லை, யாரும் தரையில் உட்காரவும் இல்லை.

போன மாதம் காலையில் காப்பி போட்டுக்கொண்டிருக்கும்போது கைபேசி சிணுங்கியது. என் தங்கச்சி மகன் அதில் எல்லாவற்றையும் தமிழுக்கு மாற்றி வைத்திருக்கிறான். எடுத்துப் பார்த்தேன். 'எஸ்டேட் உங்களுடன் பகிரப்பட்டது' என்றிருந்தது. ஒரு கணம் எனக்குத் திக்கென்றது. பிறகு கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தால், லயத்துப் பிள்ளைகள் சிலர் சேர்ந்து, வீட்டுக்கு வீடு கிடந்த பழைய படங்களையெல்லாம் ஒரே இடத்தில் ஏற்றி, எஸ்டேட் என்று பெயர் வைத்து எல்லோருக்கும் திறந்துவிட்டிருந்தார்கள். யார் எடுத்தாலும் குறையாத பைப்பு. திருவிழா, கல்யாணம், கொழுந்துக் கூடையோடு அம்மா. ஒரு படத்தில் பெரட்டுக் களத்தில் எல்லோரும் வரிசையாக நிற்கிறார்கள். ஓரத்தில், கொஞ்சம் தள்ளி, மடக்கிய குடையோடு சுவெட்டர் போட்ட ஒருவர். அதன் கீழே கிள்ளானிலிருந்து ஒரு சின்னப் பெண் கேட்டிருந்தாள், 'இந்தக் குடைக்காரர் யார்? எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை' என்று.

காப்பி ஆறிக்கொண்டிருந்தது. பெரிய கிராணி என்று அடித்தேன், அழித்தேன். அந்தப் பெண்ணுக்குக் கிராணி என்றால் என்ன தெரியும்? பிறகு ஒரு விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டி அனுப்பினேன்.

'நமக்கு வந்து சொன்னவர் இவர்தான்.'